அந்தக் கதவை ஏன் சாத்தினாள்? சூப்பர்ஹீரோக்களின் மனப்போராட்டத்தைப் படித்துப் பேச ஒரு வழிகாட்டி

அமேசிங் ஸ்பைடர்மேன் காமிக்ஸின் 122-ஆம் இதழின் கடைசிப் பக்கத்தில் சண்டை எதுவும் கிடையாது. காதலி க்வென் ஸ்டேசியைப் பறிகொடுத்த பீட்டர் பார்க்கர், அதாவது ஸ்பைடர்மேன், வீடு திரும்புகிறான். அங்கே மேரி ஜேன் இருக்கிறாள். ஆறுதல் சொல்ல வாயெடுத்தவளை வார்த்தையாலேயே குத்திக் கிழிக்கிறான். பெற்ற தாய் செத்தால்கூட உனக்கு வருத்தம் வராது என்கிற அளவுக்குப் பேசிவிடுகிறான். அவள் அழுதுகொண்டே வாசல்வரை போகிறாள். கதவு திறந்திருக்கிறது. நிற்கிறாள். பிறகு 'க்ளிக்' என்று கதவு சாத்தப்படுகிறது. அவள் உள்ளேயேதான் இருக்கிறாள். கதை அத்தோடு முடிகிறது.

அதுவரை வந்த இதழ்களில் மேரி ஜேன் ஆட்டம், பாட்டம், கும்மாளம் என்று திரிந்தவள். எதையும் மனசில் போட்டுக்கொள்ளாதவள் என்றே வாசகர்கள் அவளை எண்ணியிருந்தார்கள். அப்படிப்பட்டவள் ஏன் கிளம்பிப் போகவில்லை?

ரசிகர்கள் நாலு பேர் கூடினால் பேசத் தகுந்தது இந்த மாதிரிக் கேள்விதான். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் யார் பலசாலி, யார் யாரை ஜெயிப்பார் என்பதிலேயே சுற்றி வருகிறார்கள். அதைத் தாண்டினால் 'ரொம்ப சோகமா இருந்துச்சு' என்பதோடு பேச்சு நின்றுபோகிறது. இரண்டுக்கும் நடுவில்தான் விஷயமே இருக்கிறது. அங்கே போய்ச் சேர வழி உண்டு: பக்கத்தைப் பார்த்துப் பேசுவது. ஒரு கதாபாத்திரத்தின் மனம் உடைந்தது என்று சொன்னால், எந்த இதழில், எந்தக் கட்டத்தில் (பக்கத்தில் கோடு போட்டுப் பிரித்த ஒவ்வொரு படமும் ஒரு கட்டம்) உடைந்தது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். கீழே வருவதெல்லாம் அதற்கான பயிற்சி. கதைகளின் முடிவுகள் இதில் வெளிப்படையாக வரும். அது பிடிக்காதவர்கள் முதலில் குறிப்பிட்ட இதழ்களைப் படித்துவிட்டு வரலாம்.

படி 1: முடிவுள்ள ஒரு சின்னக் கதையை எடுங்கள்

புதியவர்கள் சறுக்குகிற இடங்கள் இரண்டு. ஒன்று, 1962-லிருந்து முதல் இதழ் தொடங்கி வரிசையாகப் படிக்கிறேன் என்று உட்கார்ந்து இருபதாவது இதழில் சோர்ந்துபோவது. இன்னொன்று, எல்லா ஹீரோக்களும் சேர்ந்து வரும் பெரிய 'ஈவென்ட்' கதையை எடுத்து, அதன் கிளைக்கதைகளான 'டை-இன்' இதழ்களுக்குள் வழி தவறுவது. ஈவென்ட் கதைகளில் ஆள்கூட்டம் அதிகம், ஒருவருடைய மனசுக்கு ஒதுக்கப்படும் பக்கம் குறைவு. நம் நோக்கத்துக்கு அது தோதுப்படாது.

மாத இதழ் ஒன்றில் கதை சுமார் 20 முதல் 22 பக்கம் இருக்கும். தொகுப்பு நூல் பெரும்பாலும் ஐந்தாறு இதழ்களைக் கொண்டது. முதல் முயற்சிக்கு இரண்டு இதழ், இரண்டாவதற்கு ஐந்து முதல் ஏழு இதழ் என்று அளவை வைத்துக்கொள்ளுங்கள். முதல் கதையாக எடுக்க அமேசிங் ஸ்பைடர்மேன் 121, 122 (1973; கதை ஜெர்ரி கான்வே, ஓவியம் கில் கேன்) மிகப் பொருத்தம். இரண்டே இதழ். முன்கதை அதிகம் தெரிய வேண்டாம். அடுத்ததாக டேர்டெவில் 227 முதல் 233 வரை (1986, ஃபிராங்க் மில்லர், டேவிட் மசுக்கெல்லி). போதைக்காகப் பழைய காதலி கேரன் பேஜ் அவன் முகமூடி ரகசியத்தை விற்றுவிட, டேர்டெவிலான மேட் மர்டாக் வேலை, பணம், வீடு என்று ஒவ்வொன்றாக இழக்கும் கதை. குடிப்பழக்கம் பற்றிப் பேச அயர்ன்மேன் 120 முதல் 128 வரை (1979). மன அழுத்தத்தின் உள்ளே புகுந்து பார்க்க மிஸ்டர் மிராக்கிள், 12 இதழ், 2017-இல் தொடங்கியது. ஆனால் இது தற்கொலை முயற்சியோடு ஆரம்பிக்கிறது, ஆகவே முதல் கதையாக எடுக்காமல் இருப்பதே நல்லது.

படி 2: வரிசையைச் சரிபாருங்கள்

ஒரே கதை பல தலைப்புகளில் சிதறி வந்திருக்கலாம். 1987-இல் வந்த 'கிரேவன்ஸ் லாஸ்ட் ஹன்ட்' என்ற ஸ்பைடர்மேன் கதை இதற்கு நல்ல உதாரணம். ஆறு பாகம், மூன்று தலைப்பு. வெப் ஆஃப் ஸ்பைடர்மேன் 31, அமேசிங் 293, ஸ்பெக்டாகுலர் 131, மறுபடி வெப் 32, அமேசிங் 294, ஸ்பெக்டாகுலர் 132 என்பது வரிசை. அமேசிங் இரண்டு இதழை மட்டும் வாங்கிப் படித்தவருக்கு, ஸ்பைடர்மேன் எப்படிப் புதைகுழிக்குள் போனான் என்பதே தெரியாது. பிறகு அவன் பயத்தைப் பற்றி அவர் என்ன பேச முடியும்?

ஒவ்வொரு இதழின் கடைசிப் பக்கத்திலும் அடுத்த பாகம் எங்கே என்ற குறிப்பு இருக்கும், அதைப் பின்தொடர்ந்தாலே போதும். தொகுப்பு நூல் என்றால் இந்தச் சிக்கலே இல்லை. இன்னொன்று: அட்டையில் அச்சிட்டிருக்கும் மாதம் கடைக்கு வந்த மாதம் அல்ல. பழைய இதழ்களில் அட்டைத் தேதி இரண்டு மூன்று மாதம் முன்னே ஓடும். 'ஜூன் 1973' என்ற இதழ் அந்த வருடத் தொடக்கத்திலேயே வாசகர் கைக்கு வந்துவிட்டது. வெளியுலக நிகழ்வோடு கதையைப் பொருத்திப் பேசும்போது இந்த இடைவெளியை மறந்தால் வாதம் இடித்துக்கொள்ளும்.

படி 3: இரண்டு தடவை படியுங்கள்

முதல் தடவை நிறுத்தாமல். குறிப்பு எடுக்க வேண்டாம், தேட வேண்டாம், தெரியாத ஆள் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். ஒரு இதழுக்கு 15, 20 நிமிடம் ஆகும். படித்து முடித்ததும் மனசில் ஒட்டிக்கொண்ட ஒரே ஒரு கட்டத்தை மட்டும் எழுதி வையுங்கள். காரணம் யோசிக்க வேண்டாம்.

இரண்டாவது தடவை நோட்டோடு. இதற்கு ஒரு இதழுக்கு முக்கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஒரு நாள் இடைவெளி விட்டுப் படித்தால் இன்னும் நல்லது. கதை தெரிந்துவிட்டதால் கண் படத்தின் மேல் நிற்கும். கைபேசியில் படிப்பவர்கள் கட்டம் கட்டமாக நகர்த்தும் வசதியை இரண்டாவது வாசிப்பில் அணைத்துவிடுங்கள். பக்கம் முழுதாகத் தெரிய வேண்டும். கட்டங்கள் ஒன்றுக்கொன்று என்ன அளவில் இருக்கின்றன என்பதே பாதிச் செய்தி. அச்சுப் புத்தகத்தில், அதிர்ச்சி தரும் காட்சியைப் பக்கத்தைத் திருப்பினால்தான் தெரிகிற இடத்தில் வைப்பார்கள். திரையில் அந்தத் தயக்கம் காணாமல் போகிறது.

படி 4: படத்தைப் படிக்கப் பழகுங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். பேச்சுக் குமிழ்களை மட்டும் வாசித்துவிட்டு 'கதை இவ்வளவுதான்' என்று மூடிவைப்பது புதியவர்களின் மிகப் பெரிய தவறு. சூப்பர்ஹீரோ ஆட்கள் வாயால் ஒன்று சொல்வார்கள், உடம்பு வேறொன்று சொல்லும்.

எளிய சோதனை: ஒரு பக்கத்தை எடுத்து, குமிழ்களைச் சின்னக் காகிதத் துண்டுகளால் மறையுங்கள். இப்போது என்ன நடக்கிறது என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். பிறகு காகிதத்தை எடுத்து வசனத்தைப் படியுங்கள். படம் சொன்னதும் வசனம் சொன்னதும் எங்கே பிசகுகிறதோ, அங்கேதான் கதாபாத்திரம் எதையோ மறைக்கிறது. அந்தக் கட்டத்துக்கு நோட்டில் ஒரு நட்சத்திரம் போடுங்கள்.

கட்டத்தின் அளவைப் பாருங்கள். 1966 பிப்ரவரி தேதியிட்ட அமேசிங் ஸ்பைடர்மேன் 33-இல் இயந்திரக் குவியலின் அடியில் பீட்டர் சிக்கிக் கிடக்கிறான். மே அத்தையின் உயிரைக் காக்கும் மருந்து கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது, மேலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது. ஓவியர் ஸ்டீவ் டிட்கோ முதலில் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் அவனை அடைத்து வைக்கிறார். அவன் மனம் உறுதியாக ஆக, கட்டம் பெரிதாகிறது. பாரத்தைத் தூக்கி எறிகிற நொடியில் பக்கம் முழுவதும் ஒரே கட்டம். தசை பலத்தைக் காட்டும் காட்சிதான் அது. ஆனால் வாசகனுக்கு மூச்சு விட முடிகிறதே, அதைச் செய்தது கட்டத்தின் அளவு. எதிர்த்திசையில் இதையே மிஸ்டர் மிராக்கிள் செய்கிறது. ஏறக்குறைய எல்லாப் பக்கமும் மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது சமக் கட்டங்கள். நடுநடுவே ஒரு கட்டம் முழுக்கக் கறுப்பாக வந்து, 'டார்க்ஸைட் இஸ்' என்ற இரண்டே சொல்லோடு நிற்கிறது (டார்க்ஸைட் கதையின் வில்லன்). தப்பிப்பதையே தொழிலாகக் கொண்டவன், பக்கத்தின் கம்பிகளுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறான்.

உடம்பு கிடக்கிற விதத்தைப் பாருங்கள். டேர்டெவில் கதையின் முதல் மூன்று அத்தியாயங்களின் தலைப்புப் பக்கங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், மேலிருந்து பார்க்கும் கோணத்தில் படுத்துக் கிடக்கும் மேட் தெரிவான். முதலில் சொந்தப் படுக்கை. அடுத்து மலிவான விடுதி அறை. அதற்கடுத்து குப்பைக்கு நடுவே ஒரு சந்து. அவன் வீழ்ச்சியை விளக்க வசனமே வேண்டியதில்லை.

குமிழின் வடிவமும் பேசும். மேகம் போன்ற எண்ணக் குமிழ் பழைய கதைகளில் சாதாரணம். ஆள் அந்த நொடியில் நினைப்பது அப்படியே தெரியும். 1980-களிலிருந்து அதன் இடத்தைச் சதுரப் பெட்டி வாசகம் பிடித்துக்கொண்டது. பெட்டிக்குள் இருப்பது அந்த நொடியின் எண்ணமாகவும் இருக்கலாம், பின்னால் எப்போதோ நினைத்துப் பார்த்துச் சொல்வதாகவும் இருக்கலாம். பின்னால் சொல்பவர் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளலாம். ஆகவே பெட்டி வாசகத்தை அப்படியே சாட்சியாக எடுத்துக்கொள்ளாமல், 'இவன் இதை எப்போது, யாரிடம் சொல்கிறான்' என்று கேளுங்கள். குமிழே காலியாக இருந்தால்? 2014-இல் வந்த ஹாக்ஐ 19-ஆம் இதழில் நாயகன் கிளின்ட் பார்டனுக்குக் காது கேட்காமல் போகிறது. மற்றவர்கள் பேசும் குமிழ்கள் வெற்றாக வருகின்றன. சைகை மொழி வரையப்பட்டிருக்கிறது, அதற்கு மொழிபெயர்ப்பு கிடையாது. சைகை தெரியாத வாசகனும் கிளின்ட்டைப் போல வெளியே நிறுத்தப்படுகிறான்.

கடைசியாக ஒலிச் சொற்கள். 121-ஆம் இதழில் பாலத்திலிருந்து விழும் க்வென்னை ஸ்பைடர்மேன் வலை வீசிப் பிடிக்கிறான். அவள் கழுத்தருகே சின்ன எழுத்தில் 'ஸ்னாப்' என்று ஒரு சொல். அவன் அதைக் கவனிக்கவில்லை, காப்பாற்றிவிட்டோம் என்று மகிழ்ந்து மேலே இழுக்கிறான். வாசகனுக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாத அந்த இரண்டு மூன்று கட்டங்கள்தான் இதழிலேயே கொடுமையான பகுதி. விழுந்த அதிர்ச்சியிலேயே செத்துவிட்டாள் என்கிறான் வில்லன் கிரீன் காப்ளின். 125-ஆம் இதழின் வாசகர் கடிதப் பகுதியிலோ, வலை சட்டென்று நிறுத்தியதால் ஏற்பட்ட வெட்டிழுப்புதான் கொன்றது என்று ஆசிரியர் தரப்பு பதில் சொன்னது. அந்தப் பாலம் எது என்ற சர்ச்சையும் உண்டு: வசனம் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் என்கிறது, படத்தில் இருப்பது புரூக்ளின் பாலத்தின் சாயல். பால விவகாரத்தில் ஒரு சாயங்காலத்தையே தொலைத்தவர்கள் உண்டு. அதை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு, 'ஸ்னாப்' என்ற சொல் ஏன் அவ்வளவு சின்னதாக இருக்கிறது என்பதற்குப் போங்கள்.

படி 5: காயத்துக்குச் சரியான பெயர் வையுங்கள்

பீட்டர் அநாதை, பேட்மேனான புரூஸ் வெய்ன் அநாதை, சூப்பர்மேனும் அநாதை. மூவருக்கும் சோகம் என்று ஒரே முத்திரை குத்தினால் பேச்சு அங்கேயே செத்துவிடும்.

1962 ஆகஸ்ட் தேதியிட்ட அமேசிங் ஃபேண்டஸி 15-இல், ஓடிவரும் திருடனைத் தடுக்கக்கூடிய சக்தி பீட்டருக்கு இருந்தது. தடுக்கவில்லை. அதே ஆள் பென் மாமாவைக் கொல்கிறான். இது குற்றவுணர்வு, 'செய்திருக்கலாமே' என்கிற காயம். புரூஸுக்கு அப்படி இல்லை. பெற்றோரைக் கொன்ற துப்பாக்கி வெடித்தபோது அவன் சிறுவன், அவனால் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை. அவனுடையது கையாலாகாத்தனத்தின் வலி. அதனால்தான் பீட்டர் ஓயாமல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அலைகிறான், புரூஸ் எல்லாவற்றையும் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளத் துடிக்கிறான். (பேட்மேன் 1939 மே மாத இதழில் அறிமுகமானபோது இந்தக் காயம் அவனுக்கு இல்லை. ஆறு இதழ் கழித்து, நவம்பர் தேதியிட்ட டிடெக்டிவ் காமிக்ஸ் 33-இல்தான் பெற்றோர் கொலை வந்தது.) சூப்பர்மேன் இழந்த உலகத்தை அவன் பார்த்த நினைவுகூட இல்லை. நினைவில்லாத ஒன்றுக்காக ஏங்குவது இன்னொரு வகை வலி.

நோட்டில் ஒவ்வொரு முக்கியக் காட்சிக்கும் ஐந்து கேள்விக்குப் பதில் எழுதிப் பழகுங்கள்: என்ன நடந்தது, என்ன சொல்கிறார், என்ன செய்கிறார், படம் என்ன காட்டுகிறது, எதைச் சொல்லாமல் விடுகிறார். 122-இன் கடைசிப் பக்கத்துக்கு அது இப்படி இருக்கும்:

நடந்தது: க்வென் செத்துவிட்டாள், பழிவாங்கியும் மனம் ஆறவில்லை.
பீட்டர் சொல்வது: உனக்கு எதுவும் உறைக்காது, போய்விடு.
மேரி ஜேன் செய்வது: வாசல்வரை போகிறாள், வெளியே போகவில்லை.
படம்: அவள் முகத்தில் கண்ணீர். வசனம் அடங்கிவிடுகிறது. கடைசிச் சத்தம் தாழ்ப்பாளுடையது.
சொல்லாமல் விட்டது: க்வென் அவளுக்கும் தோழி. அவள் துக்கத்தை யாரும் கேட்கவில்லை.

கடைசி வரியை எழுதுகிறபோதுதான் பலருக்குத் திடுக்கென்று உறைக்கும். கதை முழுக்க பீட்டரின் துக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம், பக்கத்தில் இன்னொருத்தி அழுதுகொண்டிருந்தாள். கதவைச் சாத்தியது இரக்கமா, தன் துக்கத்தோடு தனியாக இருக்க முடியாத தவிப்பா, விளையாட்டுப் பெண் என்ற வேஷத்தை முதல் முறையாகக் கழற்றி வைத்ததா? மூன்றுக்கும் பக்கத்திலேயே ஆதாரம் காட்டலாம்.

நோய்ப் பெயர்களை இந்த நோட்டுக்குள் கொண்டுவராதீர்கள். 'இவனுக்கு இன்ன கோளாறு' என்று சொன்னதும் ஏதோ கண்டுபிடித்துவிட்ட நிம்மதி வந்துவிடுகிறது, அதற்கு மேல் யாரும் பக்கத்தைப் பார்ப்பதில்லை. அதோடு, அந்த நோயோடு வாழ்கிறவர் உங்கள் நடுவிலேயே இருக்கலாம். வில்லனின் கொலைவெறிக்கு அவர் நோயின் பெயரை வைப்பது அவரைப் புண்படுத்தும். கதையே வெளிப்படையாகச் சொன்னால் மட்டும் பயன்படுத்துங்கள். 'தூங்காமல் இருக்கிறான், நண்பர்களின் அழைப்பைத் தவிர்க்கிறான், சின்ன விஷயத்துக்குக் கத்துகிறான்' என்று நடத்தையை எழுதினால் எல்லோரும் சேர்ந்து யோசிக்க முடியும்.

படி 6: கதைக்கு உள்ளே ஒரு காரணம், வெளியே ஒரு காரணம்

ஒரு பாத்திரம் ஏன் அப்படிச் செய்தது என்பதற்கு எப்போதும் இரண்டு பதில் உண்டு. இரண்டையும் கலந்தால் சண்டை வரும், தனித்தனியாக வைத்தால் பேச்சு வளரும்.

1988-இல் பேட்மேனின் துணைவன் ராபினாக இருந்த ஜேசன் டாட் ஜோக்கரின் வெடிகுண்டில் சிக்குகிறான். அவன் பிழைக்கலாமா, சாகலாமா என்று டிசி நிறுவனம் இரண்டு தொலைபேசி எண்களை அறிவித்து வாசகர்களிடமே கேட்டது. சாகட்டும் என்று 5,343 அழைப்பு, பிழைக்கட்டும் என்று 5,271. வித்தியாசம் 72. வெளியே இருக்கும் காரணம் அது. ஆனால் கதைக்குள் பேட்மேனுக்கு இந்தத் தொலைபேசி தெரியாது. சில நிமிடம் தாமதமாக வந்தோம் என்பதுதான் அவனுக்குத் தெரிந்த ஒரே காரணம், அதற்குப் பின் வரும் அவன் மூர்க்கம் முழுவதும் அதிலிருந்து பிறக்கிறது. 'வாசகர்கள் கொன்றார்கள், அவன் ஏன் வருந்த வேண்டும்' என்று ஒருவர் சொன்னால், அவர் உள்ளையும் வெளியையும் குழப்பிக்கொள்கிறார் என்று பொருள்.

இன்னும் நுணுக்கமான உதாரணம் எக்ஸ்-மென் குழுவின் ஜீன் கிரே. 1980-இல் எக்ஸ்-மென் 135-ஆம் இதழில், டார்க் ஃபீனிக்ஸாக மாறிய ஜீன் ஒரு நட்சத்திரத்தை விழுங்க, அதைச் சுற்றிவந்த கிரகத்தின் 500 கோடிக்கும் மேற்பட்ட உயிர்கள் அழிகின்றன. கதாசிரியர் கிறிஸ் கிளேர்மாண்டும் ஓவியர் ஜான் பர்னும் முதலில் போட்ட முடிவில் ஜீன் சக்தியை இழந்து உயிரோடு இருப்பாள். இவ்வளவு பெரிய கொலைக்கு அது போதாது என்று தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் மறுத்தார். அதனால் 137-ஆம் இதழில் அவள் தானே உயிரை விடும் முடிவு வந்தது. மாற்றப்பட்ட பழைய முடிவு 1984-இல் தனி இதழாக வெளியானது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பது அருமையான பயிற்சி. ஆசிரியர் கட்டளையால் வந்த முடிவு என்று தெரிந்தபிறகும், 137-இல் அவள் எடுக்கும் முடிவு உண்மையாகத் தோன்றுகிறதா? தோன்றினால், எந்தக் கட்டங்கள் அதைச் சாதித்தன?

ஆறு வருடம் கழித்து இன்னொரு திருப்பம். செத்தது ஜீனே அல்ல, அவள் உருவெடுத்த ஃபீனிக்ஸ் சக்தி. நிஜ ஜீன் கடலடியில் ஒரு கூட்டுக்குள் உறங்கிக்கொண்டிருந்தாள் என்று 1986-இல் கதையை மாற்றினார்கள். பழைய கதையின் பொருளைப் பின்னால் மாற்றுவதை ரசிகர்கள் 'ரீட்கான்' என்பார்கள். அப்படியானால் 137-ஆம் இதழில் நாம் அழுதது பொய்யா என்ற கேள்வி தவறாமல் எழும். இதற்குக் கூடிப் பேசும் முன்பே ஒரு எல்லை போட்டுக்கொள்ளுங்கள்: 'இன்று 1980 வரை வந்ததை மட்டும் வைத்துப் பேசுவோம்' என்று. ரீட்கானைத் தனி நாளில் பேசலாம்.

ஒரு பக்கத்தைப் பாராட்டும்போது எல்லாப் புகழையும் கதாசிரியருக்கே கொடுத்துவிடாதீர்கள். தலைப்புப் பக்கத்தில் பென்சில் ஓவியர், மை போட்டவர், வண்ணம் தீட்டியவர், எழுத்து வரைந்தவர் என்று எல்லோர் பெயரும் இருக்கும். அந்தச் சின்ன 'ஸ்னாப்' வெறும் கதைச்சுருக்கத்தில் இருந்தால் இத்தனை வருடம் பேசப்பட்டிருக்காது.

படி 7: விவாதத்துக்குத் தாங்கும் கேள்வியை எழுதுங்கள்

'பேட்மேன் நல்லவனா?' என்பது தாங்காது. ஆம், இல்லை என்று இரண்டு கட்சி பிரிந்துவிடும். 'ஜீன் செய்தது பரிகாரமா, மற்றவர்களைக் காக்கும் முடிவா, பயத்திலிருந்து தப்பித்தலா?' என்பது தாங்கும். பதிலுக்குப் பக்கத்தைத் திறந்தே ஆக வேண்டும் என்றால் கேள்வி நன்றாக அமைந்திருக்கிறது.

எந்தக் கதைக்கும் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: இது யாருடைய துயரம், அதற்கு விலை கொடுத்தது யார்? 1994-இல் கிரீன் லான்டர்ன் 54-ஆம் இதழில் நாயகன் கைல் ரேனரின் காதலி அலெக்ஸாண்ட்ராவைக் கொன்று குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்திருப்பான் வில்லன். ஆண் நாயகனை வருந்தவைக்க மட்டுமே பெண் பாத்திரங்கள் சாகடிக்கப்படுவதை, பின்னாளில் தானே காமிக்ஸ் எழுத்தாளரான கெயில் சிமோன் 1999-இல் பெயர்ப் பட்டியலாகவே தொகுத்துக் காட்டினார். அதன் பிறகு இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. 121-ஆம் இதழை மறுபடி புரட்டி, க்வென் தன் மனசில் உள்ளதைச் சொல்லும் கட்டங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பிடித்த கதையைக் குறை சொல்கிறோமே என்று தயங்க வேண்டாம். நேசிக்கிற கதையிடம்தான் இதைக் கேட்க வேண்டும்.

படி 8: கூடிப் பேசுங்கள்

நாலிலிருந்து ஆறு பேர், ஒன்றரை மணி நேரம், மூன்றே பக்கம். ஆள் எட்டைத் தாண்டினால் இரண்டு பேர் பேச, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். பக்கங்களை ஒரு வாரம் முன்பே அறிவியுங்கள். பக்க எண் சொல்லும்போது விளம்பரங்களைக் கழித்துக் கதைப் பக்கத்தை மட்டும் எண்ணுங்கள். பழைய மாத இதழ், தொகுப்பு நூல், டிஜிட்டல் பதிப்பு மூன்றிலும் அச்சிட்ட எண் ஒத்துவராது. '122, கடைசிப் பக்கம், கீழ் வரிசை' என்று சொன்னால் எல்லோரும் ஒரே இடத்துக்கு வருவார்கள்.

தொடங்கும் முன் மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள். எதுவரை முடிவுகளைப் பேசலாம், அதற்குப் பிந்தைய கதைகளை எப்படித் தவிர்ப்பது. கதையில் தற்கொலை, வன்கொடுமை, போதை, குழந்தை மரணம் எது இருந்தாலும் பெயர் சொல்லியே எச்சரியுங்கள். யாராவது எழுந்து போனால் காரணம் கேட்காதீர்கள். கிரேவன் கதையில் தற்கொலை இருக்கிறது, அது பெருமைப்படுத்தப்பட்டதாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே அதே கதாசிரியர் 1992-இல் ஒரு தொடர்ச்சி எழுதினார். மூன்றாவது, திரைப்படம். படத்தில் பார்த்த பீட்டரும் காகிதத்து பீட்டரும் வெவ்வேறு ஆட்கள். படத்தைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஒதுக்கி வையுங்கள், இல்லாவிட்டால் முதல் பத்து நிமிடத்திலேயே உள்ளே புகுந்துவிடும்.

முதல் சுற்றில் ஒவ்வொருவரும் மனசில் ஒட்டிய ஒரு கட்டத்தை மட்டும் காட்டட்டும், இரண்டு நிமிடம் போதும், யாரும் குறுக்கிடக் கூடாது. கூச்சப்படுகிறவர்களின் வாயும் இதில் திறந்துவிடும். அடுத்து கேள்விக்கு வாருங்கள்.

பேச்சு கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் தொடங்கும்: 'அவன் இப்படிச் செய்யவே மாட்டான்.' இதைச் சொல்பவரை வாயடைக்க வேண்டாம், ஆதாரம் கேளுங்கள். எந்த இதழில் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டான்? அப்போது அவன் நிலைமை என்ன, இப்போது என்ன? நெருக்கடியில் மனிதர்கள் தங்கள் இயல்புக்கு மாறாக நடப்பதுண்டு. மாற்றத்துக்கான காரணத்தைக் கதை பக்கத்தில் காட்டியிருக்கிறதா என்று பாருங்கள். காட்டவில்லை என்றால் அவர் சொன்னது சரி, எழுத்தில்தான் குறை. அப்போதும் விமர்சனம் எழுத்தோடு நிற்கட்டும். எழுதியவரின் குணத்துக்குப் போக வேண்டாம்.

படி 9: அதே ஆளிடம் திரும்பிப் போங்கள்

மாதாமாதம் பல பத்தாண்டுகளாகத் தொடரும் கதைகளில், ஒரு இதழில் தீர்ந்த போராட்டம் நிஜமாகவே தீர்ந்ததா என்று சோதிக்க வாய்ப்பு உண்டு. அயர்ன்மேன் 128-இன் அட்டையில் கண்ணாடி முன் வியர்த்து வழியும் முகத்தோடு டோனி ஸ்டார்க், முன்னால் பாட்டில். பெத்தனி கேப்பின் துணையோடு அந்த ஒரே இதழுக்குள் குடியிலிருந்து மீள்கிறான். இவ்வளவு சீக்கிரமா என்று வாசகர் பலர் குறைப்பட்டதுண்டு. அந்த இதழைப் பேசி முடித்த குழு, சில வாரம் கழித்து 160-களின் பிற்பகுதி இதழ்களை எடுக்கட்டும். வேறொரு கதாசிரியர் டென்னி ஓ'நீலின் கையில் டோனி மறுபடி குடிக்கத் தொடங்குகிறான். 169-ஆம் இதழில் (1983) கவசத்தை நண்பன் ஜிம் ரோட்ஸ் அணிய வேண்டி வருகிறது. நிறுவனம் போகிறது, வீடு போகிறது. 182-ஆம் இதழில் (1984) பனிப்புயலுக்கு நடுவே தெருவோரத்தில், அப்போதுதான் பிறந்த ஒரு குழந்தையைத் தன் உடல் சூட்டில் காத்துக் கிடக்கிறான். 128-க்கு எழுதிய ஐந்து வரிக் குறிப்பையும் 182-க்கு எழுதியதையும் ஒரே தாளில் எதிரெதிரே ஒட்டிவிட்டு, 'எதைச் சொல்லாமல் விடுகிறார்' என்ற வரியில் தொடங்கிப் பேசுங்கள்.